நவகாளி முதல் மெஹ்ரோலி வரை: அண்ணல் காந்தியடிகள்

பனியன் நகரம் என்று இன்று உலகு அறிந்துள்ள திருப்பூருக்கு, அதற்கு முன்னரே கதர் நகரம் என்றதொரு பெயர் இருந்தது. அகில இந்திய நூற்போர் சங்கத்தின் தமிழ்நாட்டுக் கிளை இந்நகரைத் தலைமையிடமாகக் கொண்டே பணியாற்றியது. சுற்றுப்புறச் சிற்றூர்களில் மகளிர் நூற்ற நூலும் நெசவாளர் நெய்த துணியும் நொய்யல் கரைக்கு வந்து, இங்கிருந்தே நாட்டின் பிற பகுதிகளுக்குச் சென்றன. அந்தக் கதரின் பொருட்டே அண்ணல் காந்தியடிகள் இவ்வூருக்குப் பலமுறை வருகை தந்தார். 1932 ஜனவரி 10ஆம் நாள் கொடி ஏந்திச் சென்று அடியுண்டு, மறுநாள் உயிர்நீத்த குமரனும் அவ்வண்ணலின் குரலுக்குச் செவிசாய்த்தவரே. எனவே கொங்கு நாட்டு முதியோர்க்குக் காந்தியடிகள் என்றவுடன் இராட்டையும் கொடியும் நினைவுக்கு வருவது இயல்பு. மாணவர்க்கோ பாடநூலில் படித்த உப்பு அறப்போர் நினைவுக்கு வரும். ஆயின் அப்பெருமகனாரின் வாழ்வில், பாடநூல்கள் ஓரிரு வரிகளில் கடந்துவிடும் பகுதி ஒன்று உண்டு. அவருடைய வாழ்வின் இறுதிப் பதினைந்து திங்கள்களே அப்பகுதி. நாடு இரண்டாகப் பிளந்து, அண்டை வீட்டார் அண்டை வீட்டாரைக் கொன்று, எரித்து, விரட்டிய காலம் அது. எழுபத்தேழு வயது கடந்த முதியவர் ஒருவர் அக்காலத்தில் என்ன செய்தார் என்பதை விரித்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

அவ்விறுதிப் பகுதியை விளங்கிக்கொள்ள முற்பகுதியைச் சிறிது காண்பது இன்றியமையாதது. 1869 அக்டோபர் 2ஆம் நாள் கத்தியவாரில் உள்ள போர்பந்தரில் மோகன்தாஸ் பிறந்தார். அன்னையார் புத்லிபாய் பிரணாமி மரபைச் சார்ந்த குடும்பத்தில் தோன்றியவர். அம்மரபினர் இந்து நூல்களோடு திருக்குர்ஆனின் கருத்துக்களையும் போற்றுபவர்கள். திவானாக இருந்த தந்தையார் கரம்சந்த் காந்தியின் இல்லத்திற்கு முஸ்லிம் நண்பர்களும் பார்சி நண்பர்களும் வந்து தத்தம் சமயத்தைப் பற்றி உரையாடுவது வழக்கம். நோயுற்றிருந்த தந்தைக்குப் பணிவிடை செய்துகொண்டே அவ்வுரையாடல்களைச் சிறுவன் கேட்டான். பிற்காலத்தில் அனைத்துச் சமயத்தாரையும் ஒருங்கே நோக்கிய பார்வைக்கு வித்து அங்கே விழுந்தது எனலாம்.

இலண்டனில் சட்டம் பயின்று திரும்பிய இளைஞர்க்குப் பம்பாயில் வழக்கறிஞர் தொழில் கைகூடவில்லை. அவருக்கு வாழ்வளித்தது ஒரு முஸ்லிம் வணிக நிறுவனம். தாதா அப்துல்லா நிறுவனத்தார் தங்கள் வழக்கொன்றின் பொருட்டு 1893ஆம் ஆண்டு அவரைத் தென்னாப்பிரிக்காவிற்கு அழைத்தனர். அவ்வழக்கு நம் வட்டார வணிகப் பெருமக்கள் அறிந்து சுவைக்கத் தக்கது. எதிர்த்தரப்பினர் தையப் சேட், தாதா அப்துல்லாவின் உறவினரே. இரு தரப்பாரும் வழக்காடி வழக்காடி அழியும் நிலையில், இளைஞர் காந்தி இருவரையும் நடுவர் முன்னிலைக்கு இசையச் செய்தார். தீர்ப்பு தாதா அப்துல்லாவிற்குச் சாதகமாக வந்தது. ஏறத்தாழ 37,000 பவுனும் செலவுத் தொகையும் தையப் சேட் செலுத்த வேண்டும். உடனே செலுத்துவதாயின் அவர் நொடித்துப் போவார். நொடித்துப்போன வணிகர் என்னும் பெயரைச் சுமப்பதினும் இறப்பதே மேல் என்று கருதும் மரபு அவர்களுடையது. காந்தி மீண்டும் தாதா அப்துல்லாவிடம் சென்று, நெடுங்காலத் தவணையில் தொகையைப் பெற்றுக்கொள்ள இணங்கச் செய்தார். நடுவர் தீர்ப்புக்கு இசையச் செய்ததைக் காட்டிலும் இத்தவணைக்கு இசையச் செய்ததே கடினமாக இருந்தது என்று அவர் தம் வரலாற்றில் பதிவு செய்துள்ளார். வென்றவரும் அழியவில்லை, தோற்றவரும் அழியவில்லை. பிளவுண்ட இருவரை ஒன்றாக்குவதே தம் தொழில் என்று அவர் உணர்ந்தது அந்நாளில்தான். ஐம்பத்து நான்கு ஆண்டுகள் கழித்துக் கல்கத்தாவில் அவர் மேற்கொண்டதும் இப்பணியே.

1906 செப்டம்பர் 11ஆம் நாள் ஜோகன்னஸ்பர்க் நகரில் எம்பயர் அரங்கில் இந்தியர் கூடினர். தலைமை ஏற்றவர் அப்துல் கனி. இழிவான பதிவுச் சட்டத்திற்குப் பணியோம் என்று இறைவனை முன்னிறுத்தி உறுதிமொழி ஏற்க வேண்டும் என வற்புறுத்தியவர் ஹாஜி ஹபீப். இறைவன் மீது ஆணையிடுவதன் பொருள் என்ன என்பதை அக்கணத்தில் எண்ணிப் பார்த்த காந்தியடிகள், அதனை அவையினர்க்கு விளக்கினார். பின்னர் சத்தியாக்கிரகம் என்று பெயர் பெற்ற அறப்போரின் தொடக்கம் அது. ஒரு முஸ்லிம் பெரியவரின் இறையச்சம் அதன் அடித்தளத்தில் உள்ளது என்பது நம்மவரில் பலர் அறியாத செய்தி. அப்போரில் தமிழர் ஆற்றிய பங்கும் பெரிது. சிறைசென்று நோயுற்று 1914இல் உயிர்நீத்த இளநங்கை தில்லையாடி வள்ளியம்மையை அவர் வாழ்நாள் முழுவதும் மறக்கவில்லை.

1915 ஜனவரியில் தாயகம் திரும்பினார். கிலாஃபத் இயக்கத்தில் அலி சகோதரர்களோடு தோளோடு தோள் நின்றார். அவ்வியக்கம் இந்து முஸ்லிம் உறவை ஒரு பேரலைபோல் உயர்த்தியது. அலை தாழ்ந்தபோது உறவும் தாழ்ந்தது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். தொலைவில் உள்ள ஒரு பேரரசின் பொருட்டு ஏற்பட்ட ஒற்றுமைக்கு, அண்டை வீட்டு உறவைப் போன்ற வேர் இல்லை என்பது இக்கட்டுரையாளரின் கருத்து. 1921 செப்டம்பர் 22ஆம் நாள் மதுரையில் அரையாடைக் கோலம் பூண்டார். 1924 செப்டம்பரில், கோகாட் நகரக் கலவரம் கேட்டு நெஞ்சம் நொந்து, தில்லியில் இருபத்தொரு நாள் உண்ணாநோன்பு இருந்தார். அந்நோன்பை அவர் தொடங்கிய இடம் மௌலானா முகம்மது அலியின் இல்லம். அது நிறைவுற்ற நாளில் திருக்குர்ஆன் வசனங்கள் ஓதப்பட்டன, கிறித்துவப் பாடல் இசைக்கப்பட்டது, உபநிடதமும் படிக்கப்பட்டது.

இனி 1946ஆம் ஆண்டுக்கு வருவோம். ஆகஸ்டு 16ஆம் நாள் கல்கத்தாவில் தொடங்கிய படுகொலை சில நாள்களில் பல்லாயிரம் உயிர்களைக் குடித்தது. மாண்டவர் இரு சமூகத்தினரும் ஆவர். அக்டோபர் 10ஆம் நாள் கிழக்கு வங்கத்தின் நவகாளி மாவட்டத்தில் வன்முறை வெடித்தது. அங்கு இந்துக்கள் சிறுபான்மையினர். அவர்கள் கொல்லப்பட்டனர், வீடிழந்தனர், கட்டாய மதமாற்றத்துக்கு உள்ளாயினர். அதற்குப் பழிவாங்குவதாகச் சொல்லிக்கொண்டு பீகாரில் சிறுபான்மையினரான முஸ்லிம்கள் ஆயிரக்கணக்கில் கொல்லப்பட்டனர். நவகாளிக் குழந்தை செய்த குற்றம் யாது? பீகார்க் குழந்தை செய்த குற்றம் யாது? ஒரு மாநிலத்தில் பெரும்பான்மையாக இருந்தவன் செய்த கொடுமைக்கு, மற்றொரு மாநிலத்தில் சிறுபான்மையாக இருந்தவன் விலை கொடுத்தான். துயரம் இரு சாராருக்கும் பொதுவாயிற்று. ஆயினும் ஒவ்வொரு சாராரும் தம் துயரை மட்டுமே கண்டனர்.

நவம்பர் தொடக்கத்தில் அண்ணல் நவகாளிக்குப் புறப்பட்டார். தில்லியில் ஆட்சி மாற்றம் பற்றிய பேச்சுக்கள் நடந்துகொண்டிருந்த வேளை அது. காங்கிரஸ் தலைவர்கள் அவருடைய அறிவுரையை நாடியிருந்தனர். அவரோ தென்னையும் கமுகும் சூழ்ந்த, சாலைகளற்ற, நீரோடைகள் குறுக்கிட்ட அந்தத் தொலைவிடத்தைத் தேர்ந்தார். நவம்பர் 20ஆம் நாள் ஸ்ரீராம்பூர் என்னும் சிற்றூரில் குடிபுகுந்தார். உடன்வந்த தொண்டர்களை ஆளுக்கு ஓர் ஊராகப் பிரித்து அனுப்பினார். ஒவ்வொருவரும் தத்தம் ஊரில் காவலின்றித் தனித்து வாழ்ந்து, அங்குள்ள சிறுபான்மையினரின் உயிருக்குத் தம் உயிரைப் பிணையாக்க வேண்டும் என்பது ஏற்பாடு. அண்ணலோ பேராசிரியர் நிர்மல் குமார் போஸிடம் நாள்தோறும் வங்க மொழி கற்றார். அம்மக்களின் மொழியறியாமல் அவர்தம் மனத்தை அறிய இயலாது என்று எண்ணினார் போலும். ஒற்றை மூங்கில் பாலங்களைக் கடக்கவும் பயிற்சி எடுத்துக்கொண்டார்.

1947 ஜனவரி 2ஆம் நாள் நடைப்பயணம் தொடங்கியது. நாளுக்கு ஓர் ஊர். வெறுங்கால். 47 ஊர்கள், 116 மைல்கள் நடந்தார் என்பது கணக்கு. சில இடங்களில் வழியில் முள்ளையும் மலத்தையும் பரப்பி வைத்திருந்தனர். அவர் இலைகளைக் கொண்டு தாமே அகற்றிவிட்டு நடந்தார். முஸ்லிம் குடும்பங்களின் வாயிலில் நின்று நலம் உசாவினார். நோயுற்றோர்க்கு மருந்து கூறினார். குளத்தைத் தூய்மையாக வைத்துக்கொள்ளும் முறை கற்பித்தார். சில வீடுகள் அவரை அன்போடு வரவேற்றன. சில வீடுகள் கதவடைத்தன. ஓடிப்போன இந்துக்களிடம் அச்சத்தை விட்டுத் திரும்பி வருமாறு வேண்டினார். அனைவரும் திரும்பிவிடவில்லை. நவகாளிப் பயணம் முழு வெற்றி பெற்றதாக எழுதுவோர் உண்டு. அவ்வாறு எழுதுவது உண்மைக்குப் புறம்பு. அங்கு நிகழ்ந்தது சிறிய சிறிய மாற்றம்.

அச்சிறிய மாற்றங்களுள் ஒன்றை ஈண்டு நாம் தனித்துக் குறிப்பிட வேண்டும். அண்ணலின் தொண்டர்களுள் பீபி அம்துஸ் ஸலாம் என்னும் அம்மையார் ஒருவர் இருந்தார். தொழுகையும் நோன்பும் வழுவாத முஸ்லிம் மாது. பஞ்சாபின் பாட்டியாலாவைச் சார்ந்தவர். அவருக்கு ஒதுக்கப்பட்டது சிரந்தி என்னும் ஊர். அவ்வூர் இந்து வீட்டார் வழிபாட்டில் வைத்திருந்த வாள் ஒன்று கலவரத்தில் பறிக்கப்பட்டிருந்தது. அது திரும்பக் கிடைக்கும்வரை, அதாவது ஊர் முஸ்லிம்கள் தம் அண்டை வீட்டாரின் வழிபாட்டுரிமைக்குப் பொறுப்பேற்கும்வரை, உண்ணேன் என்று அம்மையார் இருந்துவிட்டார். உணவின்றி இருபத்தைந்து நாள்கள் கழிந்தன. உடல் மெலிந்து கிடந்த அவரைக் காண அண்ணலே வந்து சேர்ந்தார். ஊர்ப் பெரியவர்கள் இந்துக்களின் சமய உரிமையைத் தம்முடையதுபோல் காப்போம் என எழுத்தில் உறுதியளித்த பின்னரே நோன்பு முடிவுற்றது. பிற சமயத்தாரின் வழிபாட்டுப் பொருளுக்காக ஒரு முஸ்லிம் பெண்மணி தம் உயிரைப் பணயம் வைத்தார் என்னும் செய்தி, நம் மாணவியர் அனைவரும் அறிந்திருக்க வேண்டியது. அவர் பெயர் பாடநூல்களில் இல்லாதது வருந்தத்தக்கதே.

மார்ச்சு மாதம் அண்ணல் பீகாருக்குச் சென்றார். அங்குக் குற்றவாளிகள் இந்துக்கள், துயருற்றோர் முஸ்லிம்கள். எல்லை காந்தி கான் அப்துல் கஃபார் கானும் உடன் இருந்தார். எரிந்த வீடுகளின் நடுவே நின்று இந்துக்களைக் கடிந்துரைத்தார். முஸ்லிம்களின் மறுவாழ்வுக்கு அவர்களிடமே நிதி கேட்டார். பெண்கள் தம் நகைகளைக் கழற்றிக் கொடுத்தனர். நவகாளியில் ஒரு நியாயம், பீகாரில் ஒரு நியாயம் என்று அவரிடம் இருந்ததில்லை.

ஆகஸ்டு மாதம் அவர் மீண்டும் நவகாளிக்குப் புறப்பட்டு, 9ஆம் நாள் கல்கத்தா வந்தடைந்தார். கல்கத்தா நமக்கு அயலூர் அன்று. பின்னலாடைத் தொழில் இந்நாட்டில் முதலில் வேரூன்றிய நகரங்களுள் அது ஒன்று. நம் வட்டாரத்துப் பனியன் தொழிலுக்கு வித்திட்டோர் நோக்கியதும் அந்நகரையே. திருப்பூரின் முதற் பின்னலாடை நிறுவனமாகச் சொல்லப்படும் பேபி நிட்டிங் நிறுவனத்தைத் தொடங்கியவர் குலாம் காதர் என்னும் முஸ்லிம் பெருமகனார் என்பதையும் போகிற போக்கில் நினைவுகூரலாம். அத்தகைய கல்கத்தாவில் முஸ்லிம்கள் இப்போது அஞ்சி நடுங்கினர். ஓராண்டுக்கு முன் நிகழ்ந்தவற்றிற்குப் பழிதீர்க்கும் காலம் வந்துவிட்டது என எதிர்த்தரப்பினருள் சிலர் காத்திருந்தனர். முஸ்லிம் தலைவர்கள் அண்ணலிடம் வந்து தங்கிச் செல்லுமாறு வேண்டினர். தாம் தங்குவதானால் நவகாளி இந்துக்களின் பாதுகாப்புக்கு அவர்கள் பொறுப்பேற்க வேண்டும் என்றார் அவர். மேலும், முந்தைய ஆண்டு வங்கத்தின் முதலமைச்சராக இருந்த சுஹ்ரவர்தியைத் தம்மோடு ஒரே கூரையின் கீழ் வாழ அழைத்தார்.

பெலியகட்டா பகுதியில் ஹைதரி மஞ்சில் என்னும் பாழடைந்த வீடு. அது முஸ்லிம் குடும்பத்தினர்க்கு உரியது. ஆகஸ்டு 13ஆம் நாள் இருவரும் அங்குக் குடியேறினர். சினங்கொண்ட இந்து இளைஞர்கள் வாயிலில் திரண்டு, முஸ்லிம்களைக் காக்க வந்தாயோ எனக் கேட்டுக் கல்லெறிந்தனர். அண்ணல் அவர்களை உள்ளே அழைத்துப் பேசினார். மறுநாள் கூட்டத்தினர் சுஹ்ரவர்தியை நோக்கி, முந்தைய ஆண்டுப் படுகொலைக்குப் பொறுப்பு அவருடையதுதானே என்று வினவினர். அவர் முதலில் அனைவருக்கும் பொறுப்பு உண்டு என்றார். தம் பொறுப்பைச் சொல்லுமாறு மீண்டும் அழுத்திக் கேட்டபோது, ஆம், தம்முடையதே என்று கூட்டத்தின் நடுவே ஒப்புக்கொண்டார். அந்த ஒப்புதலைக் கேட்ட கூட்டத்தின் மனநிலை மாறியதை அண்ணல் கண்டார். ஆகஸ்டு 15ஆம் நாள் தலைநகரில் விழா நடந்தபோது, அவர் உண்ணாநோன்பிருந்து இராட்டை நூற்றுக்கொண்டிருந்தார். கல்கத்தா வீதிகளிலோ எதிர்பாராத காட்சி. இரு சமயத்தாரும் ஒருவரையொருவர் தழுவிக்கொண்டனர், பன்னீர் தெளித்தனர். ரமலான் நோன்பு மாதம் முடிந்து ஆகஸ்டு 18ஆம் நாள் பெருநாள் வந்தது. அண்ணல் பெருநாள் திடலுக்குச் சென்று வாழ்த்துரைத்தார்.

மகிழ்ச்சி நீடிக்கவில்லை. ஆகஸ்டு 31ஆம் நாள் இரவு, காயமுற்ற இளைஞன் ஒருவனைத் தூக்கிக்கொண்டு வந்த கும்பல் ஹைதரி மஞ்சிலின் கண்ணாடிகளை உடைத்து உட்புகுந்தது. எறியப்பட்ட கல்லும் தடியும் அண்ணலை மயிரிழையில் தவறின. மறுநாள் நகரெங்கும் கலவரம். அஞ்சி வெளியேறிய ஏழை முஸ்லிம்கள் ஏறியிருந்த சுமையுந்தின் மீது, அவ்வீட்டிற்கு அண்மையிலேயே குண்டு வீசப்பட்டது, இருவர் மாண்டனர். அண்ணல் சென்று அவ்வுடல்களைக் கண்டார். மாண்டவருள் ஒருவரின் துணி முடிப்பிலிருந்து நாலணா நாணயம் ஒன்று உருண்டு கிடந்தது. அன்றாடங் காய்ச்சியான ஒரு தொழிலாளியின் முழுச் சேமிப்பு அது. கூலிக்கு உழைக்கும் மக்கள் நிறைந்த நம் ஊர்களில் வாழ்வோர்க்கு அக்காட்சியை விளக்கத் தேவையில்லை.

அன்றிரவே சாகும்வரை உண்ணாநோன்பு என்று முடிவு செய்தார். அப்போது மேற்கு வங்க ஆளுநர் நம் இராஜாஜி. திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் அமைத்தவர், அண்ணலின் சம்பந்தியுமாவார். இரவு நெடுநேரம் வாதிட்டுத் தடுக்க முயன்றார், இயலவில்லை. குடிக்கும் நீரில் எலுமிச்சைச் சாறு கலந்துகொள்வதாக அறிக்கையில் இருந்தது. இறைவனிடம் முழுதும் ஒப்படைப்பவர்க்கு அச்சாறு எதற்கு என்று இராஜாஜி கேட்டார். வாதத்தில் வல்லவர் வைத்த அந்தக் கணையை ஏற்று, அண்ணல் அச்சொற்களை அடித்துவிட்டார்! நோன்பைத் தடுக்க வந்தவர் அதனைக் கடுமையாக்கிவிட்டுச் சென்றார்.

நகரம் திகைத்தது. வடகல்கத்தாக் காவலர்கள் பணியில் இருந்தவாறே ஒருநாள் உண்ணாதிருந்தனர். அமைதி வேண்டி வீதியில் இறங்கிய சசின் மித்ரா, ஸ்மிரிதீஷ் பானர்ஜி என்னும் இளைஞர் இருவரும், முஸ்லிம்களைக் காக்கும் முயற்சியில் உயிர்நீத்தனர். கலகக்காரர்கள் வந்து தம் ஆயுதங்களை அண்ணலின் படுக்கையருகே வைத்துத் தண்டனை கேட்டனர். யார்க்குத் தீங்கிழைத்தார்களோ அவர்களிடமே சென்று காவல் புரியுமாறு அவர் சொன்னார். செப்டம்பர் 4ஆம் நாள் இந்து, முஸ்லிம், சீக்கியத் தலைவர்கள் எழுத்தில் உறுதிமொழி அளித்தனர். 73 மணி நேரத்திற்குப் பின் சுஹ்ரவர்தி கொடுத்த பழச்சாற்றை அருந்தி நோன்பை முடித்தார். பஞ்சாபில் 55,000 படைவீரர்களால் தடுக்க இயலாததை வங்கத்தில் தனியொருவர் தடுத்தார் என்று மவுண்ட்பேட்டன் அதற்குச் சில நாள் முன்னரே அவருக்கு எழுதியிருந்தார். நோன்பு அதனை நிலைநிறுத்தியது. விடுதலையைக் காட்டிலும் இந்த வெற்றியே வியத்தற்குரியது என்பது இராஜாஜியின் மதிப்பீடு.

செப்டம்பர் 9ஆம் நாள் தில்லி வந்தார். பஞ்சாப் செல்லும் எண்ணம் கைவிடப்பட்டது, தில்லியே எரிந்துகொண்டிருந்தது. பாகிஸ்தானிலிருந்து அனைத்தையும் இழந்து வந்த இந்துக்களும் சீக்கியரும் தில்லி முஸ்லிம்களின் வீடுகளில் புகுந்தனர். வீடிழந்த முஸ்லிம்கள் புராணா கிலாவிலும் ஹுமாயூன் கல்லறை வளாகத்திலும் அடைக்கலம் புகுந்தனர். அண்ணல் இரு சாராரின் முகாம்களுக்கும் சென்றார். இரு இடத்திலும் அவரை வைதனர். மகனை இழந்தவனின் வசவுக்கு மறுமொழி கூறாது நின்றார்.

குளிர்காலம் வந்தது. கூடாரங்களில் கிடந்த ஏதிலிகளுக்குப் போர்வையும் கம்பளியும் பஞ்சு மெத்தையும் வேண்டும் என்று வழிபாட்டுக் கூட்டங்களில் நாள்தோறும் கேட்டார். பனியில் மெத்தை நனையாதிருக்கப் பழைய செய்தித்தாள்களை அதன்மேல் பரப்பிக்கொள்ளலாம் என்றும் சொல்லிக் கொடுத்தார். அரசியல் பேரறிஞர்கள் எல்லைக்கோடுகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த காலத்தில், செய்தித்தாளைக் கொண்டு பனியைத் தடுப்பது பற்றி ஒருவர் பேசினார். துணியோடு வாழும் நம் ஊரார்க்கு இது மிகச் சிறந்த செய்தியாகத் தோன்றும் என்று நம்புகிறேன். குருக்ஷேத்திர முகாமில் இருந்த ஏதிலிகளுக்கு நேரிற் செல்ல இயலாதபோது, நவம்பர் 12ஆம் நாள் தில்லி வானொலி நிலையத்துக்குச் சென்று அவர்களோடு பேசினார்.

1948 ஜனவரி 13ஆம் நாள் இறுதி உண்ணாநோன்பைத் தொடங்கினார். பாகிஸ்தானுக்குச் சேர வேண்டிய 55 கோடி ரூபாயை விடுவிக்க மறுத்த அரசு, நோன்பிடையே அதனை வழங்க முடிவு செய்தது. ஆயினும் அவர் நோன்பைத் தொடர்ந்தார். அவருடைய கோரிக்கைகள் தில்லி மக்களை நோக்கியவை. மெஹ்ரோலியில் உள்ள குவாஜா குத்புத்தீன் பக்தியார் காக்கி அவர்களின் தர்காவில் உரூஸ் அச்சமின்றி நடைபெற வேண்டும். கோயில்களாகவும் குடியிருப்புகளாகவும் மாற்றப்பட்ட பள்ளிவாசல்கள் திரும்ப ஒப்படைக்கப்பட வேண்டும். முஸ்லிம்கள் நகரில் தடையின்றி நடமாட வேண்டும். தொடர்வண்டியில் அச்சமின்றிச் செல்ல வேண்டும். வெளியேறியவர் திரும்ப விரும்பின் தடுக்கலாகாது. முஸ்லிம் வணிகர்களைப் புறக்கணித்தல் கூடாது. இவை பெரிய தத்துவங்கள் அல்ல. நாள்தோறும் கடைக்கும் தொழுகைக்கும் சென்று வரும் ஒரு மனிதனுக்கு வேண்டியவை.

கடைப் புறக்கணிப்பைப் பற்றிய அந்தக் கோரிக்கையைப் படிக்கும்போது, கொங்கு மண்டலப் பெரியோர்க்கு வேறொரு நினைவும் எழாமற் போகாது. 1997 நவம்பரில் கோவையில் காவலர் ஒருவர் கொல்லப்பட்டார், அதனைத் தொடர்ந்து முஸ்லிம்கள் பலர் உயிரிழந்தனர், கடைகள் சூறையாடப்பட்டன. 1998 பிப்ரவரி 14ஆம் நாள் குண்டுகள் வெடித்து ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அக்கொடுமையில் எவ்வகைத் தொடர்பும் இல்லாத வணிகரும் கூலித்தொழிலாளரும் பின்னர் நெடுநாள் ஐயப் பார்வையைச் சுமந்தனர். மருத்துவமனைகளில் படுத்திருந்தோர்க்கும் துயரம். பூட்டிய கடையின் முன் நின்றோர்க்கும் துயரம். ஐம்பது ஆண்டுகளுக்கு முன் தில்லியில் கேட்கப்பட்ட அதே கோரிக்கைகள் நம் வாயிலில் வந்து நின்றன. நூல் தருபவர் ஒரு சமயம், பின்னுபவர் ஒரு சமயம், சாயமிடுபவர் ஒரு சமயம், தைப்பவர் ஒரு சமயம் என்றிருக்கும் தொழிலில், ஒரு கை நின்றால் மறு கையும் நின்றுவிடும் என்பதைத் திருப்பூர் வட்டாரத்தார்க்கு எவரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

ஜனவரி 18ஆம் நாள், இராசேந்திர பிரசாத் இல்லத்தில் கூடிய நூற்றுக்கும் மேற்பட்ட பல்வேறு அமைப்புகளின் தலைவர்கள் கோரிக்கைகள் அனைத்தையும் ஏற்றுக் கையொப்பமிட்டனர். மௌலானா அபுல் கலாம் ஆசாத் அளித்த ஆரஞ்சுச் சாற்றை அருந்தி நோன்பு முடிந்தது. இருநாள் கழித்து வழிபாட்டுக் கூட்டத்தில் குண்டு வெடித்தது. அதனை வைத்த இளைஞன் பஞ்சாபிலிருந்து வந்த ஏதிலி. அவனிடம் வன்மம் காட்ட வேண்டாம் என்று அண்ணல் கேட்டுக்கொண்டார். 27ஆம் நாள், தளர்ந்த உடலோடு மெஹ்ரோலி சென்றார். உரூஸ் நடைபெற்றது, இந்துக்களும் சீக்கியரும் வந்திருந்தனர். கலவரத்தில் உடைக்கப்பட்டிருந்த தர்காவின் பளிங்குச் சாளரங்களைக் கண்டு வருந்தினார். அவர் இறுதியாகச் சென்ற வழிபாட்டுத்தலம் ஒரு முஸ்லிம் இறைநேசரின் அடக்கத்தலம் என்பது குறிப்பிடத்தக்கது.

மூன்று நாள் கழித்து, ஜனவரி 30 மாலை 5 மணி 17 நிமிடத்துக்கு, நாதுராம் கோட்சே சுட்ட மூன்று குண்டுகள் அவர் உயிரைப் பறித்தன. கொன்றவன் முஸ்லிம் என்ற வதந்தி நொடியில் கிளம்பியது. அது உறுதிப்பட்டிருந்தால் நாடெங்கும் என்ன நிகழ்ந்திருக்கும் என்று எண்ணவும் நெஞ்சம் நடுங்கும். கொலைஞன் ஓர் இந்து என்பதை வானொலி தெளிவாக அறிவித்தது, பேரழிவு தவிர்க்கப்பட்டது. கதர் மூட்டையைத் தோளில் சுமந்து விற்று, பின்னர் கருத்து வேறுபட்டுப் பிரிந்து, இருபது ஆண்டுகளுக்கு மேல் அண்ணலைக் கடுமையாக எதிர்த்து வந்த ஈரோட்டுப் பெரியார், அவர் மறைந்தபோது இந்நாட்டுக்கே காந்தியின் பெயரைச் சூட்ட வேண்டும் என்று எழுதினார்.

நவகாளிக்குத் திரும்புவேன் என்று அண்ணல் அளித்திருந்த வாக்கு நிறைவேறவில்லை. ஆனால் அவர் அங்கு விட்டுவந்த தொண்டர்களுள் சிலர் வெளியேறவில்லை. அவர்களுள் ஒருவர் சாரு சௌதுரி. நாடு பிரிந்து, நவகாளி பாகிஸ்தானின் பகுதியாயிற்று. இந்தியக் கையாள் என்ற ஐயத்தின் பேரில் அவரைப் பலமுறை சிறையிலிட்டனர். சிறையிலிருந்து வெளிவரும்போதெல்லாம் அவர் ஜயாக் என்னும் அச்சிற்றூரின் ஆசிரமத்துக்கே திரும்பினார். 1971இல் வங்கதேசம் தோன்றிய பின் அங்குப் பள்ளியும் கைத்தொழிலும் தழைத்தன. சுற்றிலும் முஸ்லிம் குடும்பங்கள். அவர்களின் பிள்ளைகள் அப்பள்ளியில் பயின்றனர். 1990ஆம் ஆண்டு மறையும்வரை சாரு சௌதுரி அவ்வூரிலேயே வாழ்ந்தார்.